பதினைந்து பேரும் ஓர் ஊசியும்

ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் 1963-ல் தன் குழுவோடு மெட்ராஸுக்கு வந்து போயிருக்கிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணம் அது. டமாஸ்கஸில் தொடங்கிய பயணம் காபூல், டெல்லி, மெட்ராஸ், பம்பாய் என்று நீண்டு, நவம்பர் 22-ல் கென்னடி சுடப்பட்டதும் துருக்கியோடு நின்றுபோனது. பார்த்ததையும் கேட்டதையும் எலிங்டனும் அவருடைய கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்னும் இசையாக்கி, 1966 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். 1967-ல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட 'தி ஃபார் ஈஸ்ட் சூட்' அதுதான். அதில் டெல்லிக்கு ஒரு துண்டு உண்டு, ஆக்ராவுக்கு ஒன்று உண்டு. மெட்ராஸுக்கு இல்லை. அந்த வகையில் எலிங்டன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அந்த ஆல்பத்தின் வினைல் மறுபதிப்பை மண்டகப்பட்டில் வைத்துக் கேட்கிறேன். விழுப்புரம்–செஞ்சி சாலைப் பக்கம் இருக்கிற இந்த ஊருக்கு வெளியாட்கள் வருவதே மகேந்திரவர்மன் குடைவரையைப் பார்க்கத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசிய ராஜா. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு ரெக்கார்டு ஒழுங்காகப் பாட எத்தனை சாமான் வேண்டியிருக்கிறது!

ஜாஸில் மூன்று பேர் வாசிக்கும் தட்டு எந்தப் பிளேயரிலும் சுமாராகக் கேட்டுவிடும். பிக் பேண்ட் அப்படியில்லை. இந்த ஆல்பத்தில் டிரம்பெட் நான்கு, டிராம்போன் மூன்று, சாக்ஸபோனும் கிளாரினெட்டும் ஊதுகிறவர்கள் ஐந்து பேர், பிறகு பாஸ், டிரம்ஸ், பியானோவில் எலிங்டன். பதினைந்து பேர். 'சர்வர் சுந்தரம்' படத்தின் பாட்டுப் பதிவுக் காட்சியில் எம்.எஸ்.வி.யைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வாத்தியக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரே பள்ளத்தில், ஒரே ஊசி வழியாக வர வேண்டும். பிளேயரில் எங்கே குறை இருந்தாலும் டிரம்பெட்டுகள் ஒன்றாக உயரும் இடத்தில் அது தகரச் சத்தமாக வெளியே வந்துவிடும்.

மறுபதிப்பு வாங்கும்போது பலர் முதலில் கேட்பது, '180 கிராமா?' என்று. எடையை வைத்து ஓசையைச் சொல்ல முடியாது. கனமான தட்டு கொஞ்சம் தட்டையாக இருக்கும், கையில் எடுத்தால் ஒரு திருப்தி, அவ்வளவுதான். கேட்க வேண்டியது பள்ளத்தை எதிலிருந்து வெட்டினார்கள் என்பது. மூல டேப்பிலிருந்தா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா, யார் வெட்டியது? சொல்லிக்கொள்ளும்படி இருந்தால் உறையிலேயே போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் லேபிளை ஒட்டிய பாட்டில்லாத வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டிய பொறியாளரின் முதலெழுத்துகள் கீறியிருக்கலாம். அதே சமயம் 'அனலாக்' என்ற சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பியிருந்த ஒரு பெரிய அமெரிக்க மறுபதிப்பு நிறுவனம் இடையில் டிஜிட்டல் படி ஒன்றைப் பயன்படுத்தியது 2022-ல் வெளிவந்தது. அதுவரை அந்தத் தட்டுகளைக் காதாலேயே தரம் பிரித்த மேதாவிகள் யாருக்கும் அது தெரியவில்லை.

இந்த ஆல்பத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1995-ல் இதைப் பல தட மூலத்திலிருந்து புதிதாகக் கலந்து 'ஸ்பெஷல் மிக்ஸ்' என்று வெளியிட்டார்கள். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் 1967-ல் ஜனங்கள் கேட்டது அதுவல்ல. நான் பழைய கலவையின் கட்சி. 'இஸ்ஃபஹான்' துண்டில் ஜானி ஹாட்ஜஸின் ஆல்ட்டோ சாக்ஸபோன் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வருவது எனக்கு அதில்தான் பிடிக்கிறது.

தட்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பெரிய வேலை. எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வினைல் 60 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அதனால் கோடையில் ஆர்டர் போடுவதில்லை. போட்டாலும் பார்சலை மாலையில் நானே போய் வாங்கிக்கொள்கிறேன். தட்டை அட்டையிலிருந்து எடுத்து வெளியே தனியாக வைத்து அனுப்பச் சொல்வது நல்லது; உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

அடுத்தது தரை. பிளேயர் மட்டமாக நிற்காவிட்டால் ஊசி பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரை அதிகமாக உரசும், ஸ்டீரியோவில் ஒரு பக்கம் கரகரக்கும். எங்கள் தெருக் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், கழுவி விட்டா தண்ணி ஓடணும்னு வாட்டம் கொடுத்துதானே தரையே போட்டிருக்கு. இதுல எங்க மட்டம் வரும்?" அவரே ஒரு கருங்கல் பலகையைச் சுவரில் பதித்துக் கொடுத்தார். தரையில் நடந்தால் ஊசி குதிப்பதும் அதோடு நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. விலை உயர்ந்த ஸ்டாண்டு எதையும் தேட வேண்டியதில்லை.

புழுதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. ஒவ்வொரு முறையும் பாடவிடுமுன் கார்பன் நார் பிரஷ்ஷால் ஒரு சுற்று. கழுவுவதாக இருந்தால் போர் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்ததும் உப்பு பள்ளத்துக்குள் தங்கிப் பொரிந்துகொண்டே இருக்கும். டிஸ்டில்டு வாட்டர், இரண்டு சொட்டு வாசனையில்லாத சோப்பு, மெல்லிய துணி, பிறகு நிழலில் காயவைப்பது, இவ்வளவு போதும். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் கிடைக்கும் பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றில் ஆல்கஹால் பட்டால் தட்டே கரைந்துவிடும்.

அடுக்குவது நிமிர்த்தித்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் இந்தச் சூட்டில் கோணிவிடும். ஐப்பசி மழையில் அட்டையில் பூசணம் பிடிக்கும், மர அலமாரி சுவரை ஒட்டியிருந்தால் கறையான் ஏறும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு ரேக் போடுவதே எங்கள் ஊருக்குச் சரி.

அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தரும் பிளேயரை ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்து வாங்குங்கள். அது பழைய ஏ.சி. மோட்டார் வகையாக இருந்தால் அங்கத்திய 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று ஏறத்தாழ 27¾ ஆகக் குறையும். எலிங்டன் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல் கேட்கும். டி.சி. மோட்டாரென்றால் இந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டு நேரத்தில் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் கேட்காதீர்கள், பியானோவுக்கு அடியில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் சரியா என்று பார்க்க இந்த ஆல்பத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும் 'ஆட் லிப் ஆன் நிப்பான்' பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 ஆகிவிடும். அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். அங்கே ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் சுத்தமாகக் கேட்டால் ஊசியும் அது உட்காரும் கோணமும் சரி. பிசிறடித்தால் முதலில் ஊசியின் அழுத்தத்தைப் பாருங்கள். ஊசியைத் தாங்கும் சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுகள் பலவற்றுக்கும் 1.5 முதல் 2 கிராம் வரை என்று குறிப்பேட்டில் இருக்கும். சின்னத் தராசு ஒன்று வாங்கி நிறுத்துப் பார்ப்பதே வழி. பிசிறுக்குப் பயந்து அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் தட்டுதான் தேயும். அழுத்தம் சரியாக இருந்தும் பிசிறடித்தால் உருண்டை முனை ஊசியை மாற்றி நீள்வட்ட முனை போடுங்கள். பெட்டி வடிவில் அழகழகாக வரும் மலிவு பிளேயர்களில் அழுத்தத்தைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலும் இல்லை. அவற்றில் இந்தத் தட்டை வைக்கவே வேண்டாம்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் ஊசியில் போடுங்கள், அடுத்தது தட்டைக் கழுவும் சாமானில். மிச்சம் இருந்தால் 180 கிராம் பதிப்பைத் தேடலாம்.