காற்றுக்குக் காத்திருந்தவர்கள்



ஞாயிறு சமய வகுப்பில் ஒரு தம்பி என்னைக் கேட்டான்: "அண்ணே, நம்ம தாத்தா பாட்டி எல்லாம் எஸ்டேட் வேலைக்கு வந்தவங்கதானே? அதுக்கு முன்னால இந்த நாட்டுல நமக்கு என்ன இருக்கு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த விடுமுறையில் வகுப்பையே மலாக்காவுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே ஒரே தெரு வரிசையில் மூன்று வழிபாட்டுத் தலங்கள்: 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில், 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது எது? பருவக்காற்றுதான்.

கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, கடற்காற்று நிலத்தை நோக்கிப் பாய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை நிலம் குளிர்ந்துவிடுவதால் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். பாய்மரக் கப்பல் காலத்தில் தென்மேற்குக் காற்று சோழமண்டலக் கரைக் கப்பல்களைக் கிழக்கே தள்ளியது. வடகிழக்குக் காற்று சீனக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்தது. ஊர் திரும்பணும்னா, காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கணும்.

காத்திருந்தவர்கள் இங்கே கடை வைத்தார்கள், சாமி கும்பிட்டார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். வந்த வணிகர்களைக் கவனிக்க மலாக்கா சுல்தானகத்தில் ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தங்கியிருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

அன்றைய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். அவர்களில் ஒரு பாட்டியைப் பார்த்தோம். நெற்றியில் திருநீறு, உடுத்தியது சாரோங் கெபாயா, பேச்சு மலாய். "இவங்களுக்குத் தமிழே தெரியலையே, எப்படிண்ணே நம்மவங்க?" என்று தம்பி என் காதில் கேட்டான். பாட்டி மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, எங்களையும் கும்பிடச் சொன்னார். தம்பி கை கூப்பினான். அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சொன்னேன்: "தாத்தா எஸ்டேட்டுக்கு வந்தது உண்மைதான் தம்பி. அதுல வெட்கப்பட ஒன்னுமில்ல. ஆனா அவர் வந்த கடல்வழி, நம்ம ஆளுங்க பல நூறு வருஷமா வந்து போன வழி."

இளைஞர்களே, செட்டிகள் மொழியை இழந்தும் வழிபாட்டைக் காத்தார்கள். நம் கையில் இரண்டும் இருக்கின்றன. இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம்? எப்போது கப்பல் ஏறினோம்? குலதெய்வம் எது? பதிலை எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.