நாற்பது டிகிரியில் டேக்-ஆஃப்: பைலட் ஆக விரும்பும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், டிஜிசிஏ தேர்வுகளை முடிக்க வேண்டும், கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எந்த வழிகாட்டிக் கூட்டத்திலும் சொல்லிவிடுவார்கள். பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்த பிள்ளைகளிடம் நான் கூடுதலாக வற்புறுத்துவது டென்சிட்டி ஆல்டிட்யூட் கணக்கை. வெயில் ஏற ஏறக் காற்று மெலியும். தரையில் நிற்கும்போதே விமானம் மலையில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

2012 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் உள்ள புரூஸ் மெடோஸ் ஓடுதளத்திலிருந்து, ஸ்டின்சன் 108 ரகச் சிறு விமானம் நான்கு பேருடன் கிளம்பியது. தளத்தின் உயரம் சுமார் 6,370 அடி. வெப்பம் 27 டிகிரிதான். நமக்கு அது இதமான நாள். அந்த உயரத்தில் அதுவே காற்றை 9,000 அடிக்கு மேல் இருப்பதுபோல் மெலியவைத்தது. எழும்பிய விமானத்தால் மேலே ஏற முடியவில்லை. மர உச்சிகளை ஒட்டியே போய்க் காட்டுக்குள் விழுந்தது. நால்வரும் பிழைத்தார்கள், விமானிக்குப் பலத்த காயம். உள்ளே இருந்த கேமரா எடுத்த காட்சியை அவசியம் பாருங்கள். எஞ்சின் நின்றுபோகவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் விழுகிறது.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் நிலையான வெப்பம் 15 டிகிரி. 1,000 அடிக்கு 2 டிகிரி குறையும். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேருங்கள். வாகைக்குளம் விமான நிலையம் கிட்டத்தட்ட கடல்மட்டம். அங்கே 40 டிகிரி அடித்தால் 3,000 அடி; மாஞ்சோலை மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறிய உயரம் அது. ஏற்கெனவே 1,000 அடியில் இருக்கும் சேலத்தில் அதே வெயில் 4,200 அடியைத் தாண்டும்.

செஸ்னா 172 கையேட்டில் டேக்-ஆஃப் தூர அட்டவணை 40 டிகிரியோடு முடிகிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் அதைத் தாண்டும் நாள்கள் உண்டு. அட்டவணைக்கு வெளியே ஊகிக்காதீர்கள்; காலை ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள். பருமனான இருவர் ஏறினால் டேங்கை நிரப்பாமல் தேவையான எரிபொருளோடு கிளம்புங்கள். பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன், மே மாத மதியத்தில் மாணவரைத் தனியாகப் பறக்க அனுப்புவார்களா, எடைக் கணக்கை யார் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். பதிலில் தடுமாறினால் வேறு பள்ளி பாருங்கள்.

ஆடியில் மேல்காற்று மலையைத் தாண்டிக் கீழே அமுக்கும். அப்போது அம்பாசமுத்திரம் பக்கம் மலையை நோக்கிப் போகாமல், தாமிரபரணியை ஒட்டிக் கிழக்கே சமவெளியில் உயரம் ஏறுங்கள்.

ஓடுபாதையில் பாதி கடக்கும்போது, எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 55 நாட் என்றால் 39. வராவிட்டால் த்ராட்டிலை இழுத்து, பிரேக் பிடித்துவிடுங்கள். கிளம்பும் முன்பே இன்ஸ்ட்ரக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள்: "சார், பாதியில 39 வரலைன்னா நிறுத்திருவேன்."