தீபாவளிக்கு மறுநாள் டப்பாக்களை என்ன செய்வது

தீபாவளியன்று அளவாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வதில் பயனில்லை. எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, இட்லியோடு பலகாரத் தட்டு என்று விடியும் நாளில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள் பார்க்கவும் வேண்டாம். கவனம் தேவைப்படுவது மறுநாளிலிருந்து, அடுப்படி அலமாரியில் கடைசி டப்பா காலியாகும் வரை. 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 195 பேரின் எடையை நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கவனித்தது. கூடிய எடை சராசரியாக அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அந்தச் சிறு எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. அங்கே கிறிஸ்துமஸ், இங்கே தீபாவளி; பலகாரம் வேறானாலும், பண்டிகை முடிந்த பிறகும் தின்பண்டம் வீட்டிலேயே தங்கிவிடுவது இரண்டுக்கும் பொது.

ஆகவே தீபாவளி மாலையே பலகாரத்தைப் பிரித்துவிடுங்கள். பால்கோவா, பேடா போன்ற பால் இனிப்புகள் சீக்கிரம் கெடும். அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். அதிரசம், முறுக்கு, தட்டை தாங்கும். கடை இனிப்பில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரிக்காமலே கொடுத்துவிடுங்கள். பிரித்த பெட்டியைக் கொடுக்க மனம் வராது, கடைசியில் நாமே தின்று தீர்ப்போம். எதை வைத்துக்கொள்வது என்று தயக்கம் வந்தால் வீட்டில் சுட்டதற்குத்தான் முதலிடம்.

இதுவரை எல்லாரும் செய்துவிடுகிறார்கள். சறுக்குவது இதற்குப் பிறகுதான். மைசூர்பாகை எண்ணிச் சாப்பிடுகிறவர்கள்கூட மிக்ஸரை எண்ணுவதில்லை. டிவி பார்த்துக்கொண்டே ஒரு கை, தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் அரைத் தட்டை, பிள்ளைகள் கடித்து வைத்த மீதி முறுக்கு என்று போவதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவும் சர்க்கரையும் 4. எண்ணெயில் பொரித்த மிக்ஸர் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி வரும். 50 கிராம் என்பது இரண்டு கைப்பிடிதான். அது ஏறக்குறைய நாலு இட்லிக்குச் சமம். நாலு இட்லி உள்ளே போனால் வயிறு நிறைந்ததாகச் சொல்லும். இரண்டு கைப்பிடி மிக்ஸருக்கு அது வாயே திறப்பதில்லை, ராத்திரிச் சாப்பாடும் குறைவதில்லை. எனவே விதி இதுதான்: டப்பாவிலிருந்து நேராக வாய்க்கு எதுவும் போகக் கூடாது. சின்னக் கிண்ணத்தில் எடுங்கள், டப்பாவை மூடுங்கள், அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், பிறகு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதில் மூடி வைப்பதுதான் முக்கியம், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், எவர்சில்வர் டப்பாதான் சரி. நேரத்தையும் கட்டிப்போடுங்கள்: காரம் மாலைக் காபியோடு, இனிப்பு மதியச் சாப்பாட்டின் முடிவில், மற்ற நேரத்தில் இரண்டும் கிடையாது. இனிப்பைக் கடைசிக்குத் தள்ளக் காரணம் உண்டு. 2015-இல் டயாபட்டிஸ் கேர் இதழில் வந்த ஆய்வில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு ரொட்டியையும் பழச்சாற்றையும் பின்னால் எடுத்துக்கொண்டபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை. இலையில் இனிப்பை முதலில் வைக்கும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். பொரியலும் கூட்டும் முன்னால் உள்ளே போகட்டும்.

மறுத்தால் கொடுத்தவர் மனம் நோகுமே என்பார்கள். மறுக்கவே வேண்டாம். தட்டை இரு கையாலும் வாங்கி, நம் வீட்டுப் பலகாரத்தை வைத்துத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை முழுமையாகிவிடுகிறது. வந்ததை எல்லாம் அன்றைக்கே தின்ன வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வெல்லத்தில் செய்ததுதானே என்பது இன்னொரு சமாதானம். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையேதான், ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. சர்க்கரை சேர்க்காத மைசூர்பாகிலும் நெய் அப்படியே இருக்கிறது. லேகியம் சாப்பிட்டாயிற்றே என்கிறவர்கள் அதிலும் வெல்லமும் நெய்யும் இருப்பதை மறக்கிறார்கள். நெல்லிக்காய் அளவு உருண்டை போதும். எல்லாவற்றிலும் மோசமானது, பலகாரத்துக்கு இடம் வைக்கக் காலை டிபனை விட்டுவிடுவது. பசித்த வயிறு பதினொரு மணிக்கு டப்பாவைத் தேடிப் போகும், அப்போது கிண்ணம் நினைவுக்கு வராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பண்டிகை நாளிலும் சலுகை கிடையாது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு இந்தியாவில் அவர்கள் 10.1 கோடிப் பேர் என்று கணித்தது. பல வீட்டுக் கூடங்களில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இனிப்புக்கு ஈடாக மாத்திரையைத் தாமாகவே கூட்டுவதும் தவறு, அதை மருத்துவரிடம் பண்டிகைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பாதித் துண்டு இனிப்பு, அதுவும் அன்றைய சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடப்பது, ஒரே தடவையில் 30 நிமிடம் நடப்பதைவிட உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்துவதாக நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2016-இல் காட்டியது. ஐப்பசி மழையில் தெருவில் இறங்க முடியாவிட்டால் மாடி வராந்தா போதும். கூடவே வீட்டில் ஒருவர் நடந்தால் அவர்கள் மறுக்காமல் வருவார்கள்.