கைபேசிப் பாடமும் கடை வேலையும்

முன்பெல்லாம் கடைக்கு வேலைக்கு வந்த பையன், பெரியவர் பக்கத்தில் நின்று பொட்டலம் மடிக்கவும், எடை போடவும், பேரேடு எழுதவும் கற்றுக்கொண்டான். இன்று பெரிய நிறுவனங்கள் அந்தப் பொறுப்பைக் கணினியிடமும் கைபேசியிடமும் ஒப்படைத்திருக்கின்றன. ஐந்து நிமிடம் ஒரு படம், பிறகு நான்கு கேள்விகள், சரியாக விடை சொன்னால் ஒரு சான்றிதழ்.

இந்த முறை நம்மையும் எட்டிவிட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. உரிமம் பெற்ற உணவு வணிகங்களில் 25 பணியாளருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கொரோனா காலத்தில், 2020-ல், இப்பயிற்சி இணையவழியாகவும் நடந்தது. இத்தகைய பாடங்களால் சிப்பந்திகளின் வேலை உண்மையிலேயே மேம்படுகிறதா?

தெரிவது வேறு, செய்வது வேறு

2006-ல் அமெரிக்க ஆய்வாளர் சிட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விவரங்களைத் தெரிந்துகொள்வதில் இணையவழிப் பாடம் வகுப்பறையைவிடச் சற்றே, அதாவது 6 சதவீதம், மேலாக இருந்தது. ஒரு வேலையைச் செய்யும் முறையைக் கற்பதில் இரண்டும் சமமாகவே இருந்தன. ஒரே போதனை முறையைக் கையாண்டபோது, விவரம் அறிவதிலும் வித்தியாசம் இல்லை. ஆகவே கருவியில் மாயம் ஒன்றும் கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 'யூஸ் பை' தேதி கடந்த உணவுப் பொருளை விற்கக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரம் குறையாதிருக்கும் காலத்தைக் குறிப்பது. இதைப் படத்தில் பார்த்த சிப்பந்தி கேள்விக்குச் சரியாக விடை சொல்லிவிடுவார். ஆனால் மறுநாள் புது பிஸ்கட் பெட்டி வந்ததும், பழைய பாக்கெட்டுகளுக்கு முன்னால் அதை அடுக்கினால் பாடம் வீண்தான். பின்னால் போன சரக்கு காலாவதியாகும். நஷ்டமும் அபராதமும் கெட்ட பெயரும் நமக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

முதலாளி செய்ய வேண்டியவை

1. நேரம் கொடுங்கள். இரவு கடை அடைத்த பிறகு, 'வீட்டில் போய்ப் பார்' என்று சொன்னால் அது பாடமாகாது, சுமையாகும். பகலில் கூட்டம் குறைந்த வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கும் சம்பளம் உண்டு என்பது அவருக்குத் தெரியட்டும். வட மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளுக்கு அவர்கள் மொழிப் பாடத்தையே காட்டுங்கள்.

2. அன்றே செய்யவிடுங்கள். தேதிப் பாடம் முடிந்த கையோடு ஓர் அலமாரியை ஒப்படையுங்கள். முதலில் காலாவதியாகும் சரக்கு முன்னால், மற்றது பின்னால் என்று அவரே அடுக்கட்டும். தவறினால் அங்கேயே, வாடிக்கையாளர் முன் அல்லாமல், திருத்துங்கள்.

3. மீண்டும் காட்டாதீர்கள், கேளுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பழகியவர்கள் முந்தினர். எனவே வாரம் ஒருமுறை, கல்லாவில் இருந்தபடியே, "தம்பி, இந்த மாவுப் பாக்கெட்டை விற்கலாமா?" என்று கேட்டால் போதும்.

4. பலனை அளந்து பாருங்கள். அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் வகுத்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் உண்டா? சான்றிதழ் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டையும் நம் இருப்புப் புத்தகத்தில்தான் காண வேண்டும். இம்மாதம் காலாவதியான சரக்கு எவ்வளவு, பில் திருத்தம் எத்தனை என்று குறித்து, பாடத்துக்கு முந்திய மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

கற்றவர் போய்விட்டால்?

'சொல்லிக் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான்' என்று நம்மில் பலர் தயங்குகிறோம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கற்பிக்காமல் வைத்திருக்கும் ஆள் ஒவ்வொரு நாளும் தவறு செய்தபடி நம்மிடமே இருப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கற்றவருக்குப் பொறுப்பைக் கூட்டி, அதற்கேற்பச் சம்பளத்தையும் உயர்த்தினால், அவர் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். பாடம் படித்தும் கூலியும் வேலையும் அப்படியே இருந்தால், போவதற்குத்தான் காரணம் கிடைக்கும்.

கைபேசி விவரத்தைச் சொல்லித் தரும். அதை வேலையாக மாற்றுவது முதலாளியின் கண்ணும் கேள்வியுமே. நம் உறுப்பினர்கள் இந்த மாதம் ஒரு பாடம், ஓர் அலமாரி, ஒரு சிப்பந்தி என்று சிறிதாகத் தொடங்கிப் பார்க்கலாம்.