இறுதிச் சுற்றில் எவர் பந்து வீசுவது? எண்களைப் படிக்கும் முறை

"சென்ற ஆண்டில் அதிக வருவாய் தந்த திட்டம் எது?" முதலீடு பற்றி அறிய வரும் வாடிக்கையாளர்கள் பலர் நம்மிடம் முதலில் கேட்கும் வினா இது. வினா இயல்பானதே. ஆயினும், நடந்து முடிந்ததைக் கூறும் எண் வேறு. இனி நடக்கக்கூடியதை உணர்த்தும் எண் வேறு. இவ்வேறுபாட்டை அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டு மிகத் தெளிவாகக் கற்பிக்கிறது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

ஐவரிலிருந்து மூவர்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி வழக்கமான பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்கள் ஓவர்தோறும் மாறுவர். பேஸ்பாலிலோ தொடக்கப் பந்துவீச்சாளர் ஒருவரே முதல் பந்திலிருந்து ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வரை தொடர்ந்து வீசுவார். ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அன்று மீண்டும் களமிறங்க இயலாது. இவ்வாறு வீசியவரின் தோளும் முழங்கையும் தேறுவதற்கு நான்கைந்து நாட்கள் ஓய்வு தேவை. எனவே அணிகள் பொதுவாக ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்துகின்றன.

இறுதிச் சுற்றுகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு ஆட்டங்கள் கொண்ட குறுந்தொடர்கள். இடையிடையே ஓய்வு நாட்களும் உண்டு. ஆகவே அங்கு மூவரோ நால்வரோ போதும். அவர்கள் எவர் என்பதே பயிற்சியாளரின் முன் நிற்கும் வினா.

வெற்றிக் கணக்கு போதுமா?

நெடுங்காலம் பந்துவீச்சாளரின் பெயருக்கு நேரே எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கே அவரது மதிப்பாகக் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றிகளும் 12 தோல்விகளும் பெற்றார். பார்வைக்கு இது மிகச் சாதாரணமான கணக்கு. ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 2.27 மட்டுமே, அமெரிக்கன் லீக்கில் அவ்வாண்டின் மிகக் குறைந்த சராசரி அதுதான். அவரது அணியின் மட்டையாளர்களோ லீக்கிலேயே மிகக் குறைவான ரன்களை எடுத்தவர்கள். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்கே வழங்கப்பட்டது. பிறரது குறையும் நிறையும் கலந்த எண்ணை ஒருவரது தகுதியாகக் கொள்ளலாகாது என்பது முதல் பாடம்.

தம் கையில் உள்ளவை எவை?

இ.ஆர்.ஏ. எனப்படும் மேற்கண்ட ரன் சராசரியும் முழுமையானதன்று. மட்டையில் பட்ட பந்து அவுட்டாக முடிவதும் முடியாததும் களத்தில் நிற்கும் தடுப்பாளர்களின் திறமையையும், ஓரளவு நல்வாய்ப்பையும் பொறுத்தது. இவ்வகைப் பந்துகளின் முடிவில் பந்துவீச்சாளர்களுக்கிடையே உள்ள வேறுபாடு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் எடுத்துக்காட்டினார். இதையொட்டி எஃப்.ஐ.பி. என்னும் கணக்கு வழக்கிற்கு வந்தது. அது பந்துவீச்சாளரின் கட்டுப்பாட்டில் பெரிதும் அமைந்தவற்றை மட்டுமே எண்ணுகிறது.

விட்டுக்கொடுத்த ஹோம் ரன்களை 13ஆல் பெருக்குக. மட்டையாளருக்கு இலவசமாகத் தளம் தந்த வாக்குகளையும், அவர் உடலில் பட்ட பந்துகளையும் கூட்டி 3ஆல் பெருக்குக. இவ்விரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து, ஸ்டிரைக் அவுட்களின் இருமடங்கைக் கழித்து, இன்னிங்ஸ்களால் வகுக்க வேண்டும். பின்னர் சுமார் 3.10 என்ற மாறிலியைக் கூட்டினால், இ.ஆர்.ஏ. அளவிலேயே விடை கிடைக்கும்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 180 இன்னிங்ஸ் வீசியவர்கள். முதலாமவரின் இ.ஆர்.ஏ. 3.00, இரண்டாமவருக்கு 3.50. முதலாமவர் 22 ஹோம் ரன்களும் 60 இலவசத் தளங்களும் தந்து 130 ஸ்டிரைக் அவுட்கள் எடுத்துள்ளார், அவரது எஃப்.ஐ.பி. 4.24. இரண்டாமவர் 18 ஹோம் ரன்களும் 45 இலவசத் தளங்களும் தந்து 190 ஸ்டிரைக் அவுட்கள் எடுத்துள்ளார், அவரது எஃப்.ஐ.பி. 3.04. கடந்த பருவத்தில் முதலாமவர் பெற்ற பலன் நன்று. வரும் ஆட்டத்திற்கு நம்பத்தக்கவர் இரண்டாமவர்.

சிறந்தவருக்கே கூடுதல் சுமை

162 ஆட்டங்களில் ஒருவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தொடங்கி வைப்பார். குறுந்தொடரில் இவ்விகிதத்தை மாற்றலாம். 2001 உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியை எதிர்த்த அரிசோனா டயமண்ட்பேக்ஸ், ஏழு ஆட்டங்களில் ஐந்தை இருவரிடமே ஒப்படைத்தது. கர்ட் ஷில்லிங் 1, 4, 7ஆம் ஆட்டங்களையும், ராண்டி ஜான்சன் 2, 6ஆம் ஆட்டங்களையும் தொடங்கினர். ஷில்லிங் இருமுறை மூன்று நாள் ஓய்வுடனேயே களமிறங்கினார். ஆறாம் ஆட்டத்தில் வீசிய ஜான்சன், மறுநாளே ஏழாம் ஆட்டத்தின் இறுதியிலும் வீசினார். அரிசோனா வாகை சூடியது. ஓய்வு குறைந்தால் ஆற்றலும் குறையும். அந்த இழப்புக்குப் பின்னும் அவர் அடுத்தவரைவிட மேலானவரா என்பதே இங்கு எடைபோட வேண்டியது.

எண் தவறும் இடம்

2020 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம். தோற்றால் தொடரே பறிபோகும் நிலையில் இருந்த டாம்பா பே ரேஸ், டாட்ஜர்ஸ் அணியைவிட 1-0 என முன்னிலையில் இருந்தது. பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் இரண்டே ஹிட்கள் தந்து, 9 ஸ்டிரைக் அவுட்கள் எடுத்திருந்தார். அதே மட்டையாளர்களை மூன்றாம் முறை சந்திக்கும்போது பந்துவீச்சாளர்களின் திறன் பொதுவாகக் குறைகிறது. ஆறாம் இன்னிங்ஸில் அத்தருணம் வந்ததும் பயிற்சியாளர் கெவின் கேஷ் அவரை வெளியேற்றினார். மாற்றாக வந்தவர் நிக் ஆண்டர்சன். டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸிலேயே இரு ரன்கள் எடுத்தது. 3-1 என வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

எண்களை நம்பியதே தவறு என்று பலர் சாடினர். நாம் அவ்வாறு கருதவில்லை. மூன்றாம் சுற்றுச் சரிவு என்பது ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலிருந்து பெறப்பட்ட உண்மை. ஆயின் வினாவின் மறுபாதியும் ஆராயப்பட வேண்டும். ஸ்னெல் சற்றுத் தளர்வார் எனில், வருபவர் அவரினும் மேலானவரா? அப்பருவத்தில் ஆண்டர்சனின் இ.ஆர்.ஏ. 0.55, வியக்கத்தக்க எண்தான். ஆனால் அது 16 இன்னிங்ஸுக்குச் சற்று மேற்பட்ட வீச்சிலிருந்து கிடைத்தது. இறுதிச் சுற்றுகளில் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் அவர் ரன் விட்டுக்கொடுத்திருந்தார். ஒரு தேர்வின் குறையை மட்டும் அளந்து, மாற்றுத் தேர்வை அதே தராசில் நிறுத்தாமல் விட்டால் சரியான எண்ணும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

நாம் கொள்ள வேண்டியவை

முதலீட்டைத் தெரிவு செய்யும்போதும் இந்த வினாக்களையே எழுப்புவோம். இவ்வருவாயில் நிர்வாகத் திறன் எவ்வளவு, சந்தையின் ஏற்றம் எவ்வளவு? இது ஓராண்டுக் கணக்கா, பத்தாண்டுக் கணக்கா? பணம் நமக்கு எப்போது தேவை? இதை விட்டு எதற்கு மாறுகிறோம், அது இதனினும் நன்றா?

இவ்வளவும் ஆராய்ந்த பின்னும் தோல்வி நேரலாம். மேற்சொன்ன கற்பனை இருவருக்கிடையே உள்ள வேறுபாடு ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.20 ரன், ஆறு இன்னிங்ஸுக்கு ஒரு ரன்கூட இல்லை. ஒரேயொரு ஹோம் ரன் அதனை அழித்துவிடும். அதனால் தெரிவு பிழையாகிவிடாது. முடிவெடுத்த அன்று கையிலிருந்த தகவல்களை நேர்மையாக எடைபோட்டோமா என்பதைக் கொண்டே ஒரு முடிவை மதிப்பிட வேண்டும்.