சேமித்த மின்சாரம் யாருக்குப் பயன்?

நுழையும்முன்

மின்சாரத்தை விற்கும் நிறுவனமே அதனைக் குறைவாகப் பயன்படுத்துமாறு மக்களை வேண்டுகிறது. விற்பனை குறைந்தால் வருவாயும் குறையுமன்றோ? இம்முரணையும் அதனை நீக்கும் வழிகளையும் சங்கராபுரத்து வயல்வெளியில் நின்று ஆராய்கிறது இப்பாடம்.

கிணற்றடிக் கணக்கு

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று சங்கராபுரம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே விரிந்த இச்சமவெளியில் நெல், கரும்பு, மரவள்ளி முதலியன விளைகின்றன. ஏரிநீர் போதாத இடங்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே பயிரைக் காக்கின்றன.

5 குதிரைத்திறன் மோட்டார் 6 மணிநேரம் ஓடினால் ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் செலவாகும். அதே நீரைத் திறன்மிக்க பம்பு கால்பங்கு குறைவான மின்சாரத்தில் இறைக்குமாயின், நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். தமிழ்நாட்டில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன என்பதை எண்ணினால் இச்சேமிப்பின் பெருமை விளங்கும்.

செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு

தமிழ்நாட்டு உழவர்களுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளிலும் சிறு உழவரைத் தாங்கி நிற்பது இவ்வுதவியே. எனினும், சேமித்த மின்சாரத்தால் உழவருக்குப் பணம் மிச்சமாவதில்லை. புதிய பம்பின் விலையோ அவர் கையிலிருந்து செல்கிறது.

மின்வாரியத்தின் நிலை வேறு. மின்மானி பொருத்தாத வேளாண் இணைப்புகளுக்குக் குதிரைத்திறன் அடிப்படையில் அரசு மானியம் வழங்கி வந்துள்ளது. அந்நிலையில் உழவர் சேமித்தாலும் வாரியத்தின் வருவாய் குறையாது. மின்கொள்முதல் செலவே குறையும். ஆலை சேமிக்கும்போது இது தலைகீழாகிறது. விற்பனை குறைகிறது, மின்கம்பி, மின்மாற்றி, ஊதியம் ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. எனவே, மின்வாரியத்திற்கும் ஊக்கம் தேவைப்படுகிறது.

உலகம் கண்ட வழிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1982இல் மின்நிறுவனங்களின் வருவாயை விற்பனை அளவிலிருந்து பிரித்தது. ஒப்புதல் பெற்ற தொகைக்குக் குறைவாக வருவாய் கிட்டினால் பின்னர்க் கட்டணத்தில் ஈடுசெய்யப்படும். மிகுதியாகக் கிட்டினால் மக்களுக்குத் திருப்பித் தரப்படும். இதனால் சேமிப்பை ஊக்குவிக்கும் நிறுவனம் இழப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உழவரிடம் பணம் பெறாமல், 2,200க்கும் மேற்பட்ட பழைய பம்புகள் மாற்றப்பட்டன. பஞ்சாப் மாநிலம் 2018இல் தொடங்கிய திட்டத்தில், ஒதுக்கிய அளவில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவருக்கு 4 ரூபாய் வழங்க முன்வந்தது. மின்சாரத்தோடு நிலத்தடி நீரையும் காப்பது அதன் நோக்கம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2013இல் மின்தேவை மேலாண்மைக்கென ஒழுங்குமுறைகளை வகுத்தது. உயரழுத்த மின்சாரம் பெறும் ஆலைகளுக்கு உச்சநேரத்தில் கூடுதல் கட்டணமும் இரவில் தள்ளுபடியும் உண்டு.

நம்பிக்கையே அடித்தளம்

எவ்வளவு மிச்சமானது என்பதை அறிய மின்மானி வேண்டும். மின்மானி வந்தால் கட்டணமும் பின்தொடரும் என்னும் அச்சம் உழவரிடையே உண்டு. அவ்வச்சத்தைப் போக்காமல் எத்திட்டமும் வேரூன்றாது. இலவச மின்சாரம் தொடரும் என்னும் உறுதியும், சேமிப்பில் உரிய பங்கும் கிடைத்தால் உழவர் தாமே முன்வருவர். சேமிப்பவரின் கைக்கும் சேமிப்பின் பயன் சேர வேண்டும். அதுவே அறம், அதுவே நல்ல பொருளியலும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டின் மின்கட்டண அட்டையைக் கொண்டு, ஓராண்டில் மின்பயன்பாடு மிகுந்த மாதங்களையும் அதற்கான காரணங்களையும் பட்டியலிடுக.
2. 'வேளாண் இணைப்புகளுக்கு மின்மானி தேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.