ஜும்ஆ பயான்: கல்வி தேடி வந்த விருந்தாளிகள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

கல்லூரிகள் திறந்துவிட்டன. நம் சஃப்புகளில் புதிய முகங்களைப் பார்க்கிறோம். சூடான், சோமாலியா, நைஜீரியா, ஆப்கானிஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து சென்னையின் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வந்த பிள்ளைகள். சிலர் இந்தியக் கலாச்சார உறவுகள் கழகத்தின் உதவித்தொகையில் வந்திருக்கிறார்கள். 1950-ல் அந்தக் கழகத்தைத் தொடங்கியவர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள்.

தொழுகை முடிந்ததும் அவர்களோடு முஸாஃபஹா செய்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதீனா தந்த பாடம்

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவர்களுக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள். கைனுகா கடைவீதியைக் காட்டினார்கள். அன்றே வியாபாரம் செய்து பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டு திரும்பினார்கள். இது புகாரியில் பதிவான செய்தி.

சகோதரர்களே, இதில் இருவரையும் பாருங்கள். ஒருவர் கொடுக்கத் தயங்கவில்லை. மற்றவர் தம் சுயமரியாதையை விடவில்லை. வெளியூரிலிருந்து வருபவர் பெரும்பாலும் நம் பணத்தைக் கேட்பதில்லை, வழியைத்தான் கேட்கிறார். வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும் ஸதகாதான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இன்று நாம் காட்ட வேண்டிய வழி

முதலாவது, வீடு. பிலால் (ரலி) அவர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்கு ஆசையோடு வைக்கிறோம். அவர்களுடைய நிறத்தில் ஒரு மாணவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் மட்டும், "காலி இல்லை" என்கிறோம். அல்லது ஊர்க்காரரிடம் கேட்பதைவிட அதிக வாடகை கேட்கிறோம். நாளை மறுமையில் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இரண்டாவது, பதிவு. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். நீண்ட கால விசாவில் வந்த மாணவரும் 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர இழுத்தடித்தால் அந்தப் பிள்ளையின் பதிவு சிக்கலாகிறது. வீடு கொடுப்பவர்கள் காகிதத்தையும் முறையாகக் கொடுங்கள். இது சட்டம், அமானிதமும் கூட.

மூன்றாவது, பள்ளிவாசல். மாலிகி மத்ஹபைச் சேர்ந்த சிலர் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவார்கள். அதைப் பார்த்து முறைக்காதீர்கள். அவர்களைத் திருத்தவும் போகாதீர்கள். நம் தமிழ் பயானும் அவர்களுக்குப் புரியாது. அரபியோ ஆங்கிலமோ தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி சொல்லுங்கள்.

சொல்லாத ஏக்கம்

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில இளைஞர்களும் மார்க்கம் கற்க வந்து நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கினார்கள். அவர்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் குடும்ப ஏக்கம் வந்துவிட்டதை நபி (ஸல்) அவர்கள் தாமே உணர்ந்து, ஊரில் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, வீட்டுக்குத் திரும்ப அனுமதி தந்தார்கள்.

நம்மிடம் வந்திருக்கும் பிள்ளைகள் 20 நாட்களில் ஊர் திரும்ப முடியாது. சிலருடைய ஊரில் போர் நடக்கிறது. அவர்களிடம் "அம்மா நலமா?" என்று கேட்க ஒருவராவது வேண்டாமா? முஸ்லிமல்லாத மாணவர் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அண்டை வீட்டாரின் ஹக் அவருக்கும் உண்டு.

எனவே இந்த ஜும்ஆ முடிந்ததும் ஒரு குடும்பம் ஒரு மாணவரைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஒருவேளைச் சாப்பாடு, காரம் குறைத்து. அவசரத்துக்கு அழைக்க ஒரு போன் நம்பர். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதல் முறை கூடப் போக ஒரு ஆள். இவ்வளவுதான்.

அன்ஸாரிகளின் மனதை அல்லாஹ் நமக்கும் தந்தருள்வானாக! வந்தவர்களின் கல்வியிலும் அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரின் வாழ்விலும் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.